தண்ணீர் மேல் போட்ட பழி

1

போன மாதம் என் மகள் பவித்ரா விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாள். நைரோபியில் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறாள். நாங்கள் இருப்பது நைவாஷா ஏரிக்குப் பக்கத்தில், ரோஜாத் தோட்டக் கம்பெனி கொடுத்த வீட்டில். கென்யாவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது.

அவள் வந்த மறுநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு மேசையில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் மருந்துப் பெயர்கள் மட்டும் எனக்குச் சீக்கிரம் பிடிபடும், ஏனென்றால் என் வேலையே ரோஜாவுக்கு மருந்தடிப்பது. அட்டையின் மேல் இருந்த பெயர் 'சைக்ளின்' என்று முடிந்தது. அட்டையைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பவித்ரா குளித்துவிட்டு வந்தாள். கன்னத்திலும் தாடையிலும் சிவப்புச் சிவப்பாகப் பரு. நைரோபியில் தோல் டாக்டரைப் பார்த்ததாகவும், மூன்று மாதம் போடச் சொன்னதாகவும் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"நீகூட பருவுக்கு இந்த மாதிரி மாத்திரை போட்டியாமே, அம்மா சொன்னாங்க. எப்படிப்பா இருந்துச்சு? வயிறு எரியுமா?"

வேலைக்கு நேரமாகிவிட்டது, வந்து சொல்கிறேன் என்றேன். வந்து சொல்வதற்கு ஒன்பது நாள் ஆனது. ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு அந்த ஒன்பது நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஓசூரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2

பரு என்பது பதினெட்டு வயதில் வந்து இருபதில் போய்விடும் என்பார்கள். எனக்கு இருபத்தெட்டு வயதிலும் போகவில்லை. கல்யாணமாகி, குழந்தையும் பிறந்துவிட்டது. அப்போது ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு ரோஜா பாலிஹவுஸில் மருந்தடிக்கும் வேலை. உள்ளே எப்போதும் புழுக்கம். மருந்தடிக்கும்போது முகத்தில் ரப்பர் மாஸ்க் மாட்ட வேண்டும். அது அழுத்துகிற இடமெல்லாம், தாடையைச் சுற்றிக் கட்டி கட்டியாக வரும். சில கட்டிகள் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி, உடைந்து, தழும்பாகும். முதுகிலும் அப்படித்தான். சட்டையைக் கழற்றினால் ஒட்டிக்கொண்டு வரும்.

ரோஜாச் செடி வைக்கிற நீளப் பாத்தியை அங்கே 'பெட்' என்பார்கள். என்னோடு வேலை பார்த்த தெலுங்குக்காரன் ஒருவன், "அண்ணா, உள்ள அறுபது பெட்டு, உன் மூஞ்சில ஒரு பெட்டு, மொத்தம் அறுபத்தொண்ணு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்குப் பதில் பேச வராது. வெளிநாட்டிலிருந்து பூ வாங்குகிறவர்கள் பார்க்க வந்தால், முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீ பம்ப் ரூம்லயே இருப்பா" என்பார். கெட்டவர் அல்ல. என் முகத்தைப் பார்த்துவிட்டு, மருந்தால் வந்தது என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று பயம்.

கடைசியில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். கன்னடக்கார அம்மா. நன்றாகத் தமிழ் பேசினார். டெட்ராசைக்ளின் என்று ஒரு கேப்சூல் எழுதிக்கொடுத்தார், வெறும் வயிற்றில் காலையும் சாயந்தரமும், நாலு மாதத்துக்கு. அவர் சொன்னது ஒவ்வொன்றும் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"பாலோ டீயோ எதுவும் கூடச் சேத்துக் குடிக்காதேப்பா. பாலுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து இந்த மாத்திரையைப் புடிச்சுக் கட்டிப் போட்டுடும். வெயில்ல ரொம்ப நிக்காதே. இது உனக்கு மட்டும்தான். வீட்ல யாருக்கும் குடுக்காதே."

நான் சரிங்க, சரிங்க என்று தலையாட்டினேன். டாக்டர்கள் முன்னால் எனக்கு வேறு எதுவும் பேச வராது.

முதல் மாதம் வயிறு புரட்டியது. காலையில் பால் டீ இல்லாமல் தலை வலித்தது. வெயிலில் பைப் மாற்றப் போன ஒரு நாள், மூக்கும் நெற்றியும் அடுப்பில் காட்டியது போலச் சிவந்து தோல் உரிந்தது. இரண்டாம் மாதம் புதிதாகக் கட்டி வருவது நின்றது. மூன்றாம் மாதம் ஒரு நாள் சவரம் செய்யும்போது பிளேடு எங்கும் தட்டாமல் இறங்கியது. கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு அழுதேன்.

நாலு மாதம் முடிந்து நிறுத்தியதும் இரண்டு கட்டி மறுபடி வந்தது. டாக்டரிடம் திரும்பப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போனேன். கொஞ்ச நாளில் சீட்டும் தேவைப்படவில்லை. பெயரைச் சொன்னால் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வருடம் போல என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு அட்டை இருந்தது.

அந்த முகத்தோடுதான் கென்யாக் கம்பெனிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் முன்னால் பிற்பாடு போய் நின்றேன். பம்ப் ரூமில் இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

3

இங்கே காலை ஐந்தரைக்கு வேலை. தொட்டியில் மருந்து கலக்குவது என் பொறுப்பு. லிட்டருக்கு இத்தனை மில்லி என்று டப்பாவில் இருப்பதற்கு ஒரு சொட்டு கூடவோ குறையவோ விடமாட்டேன். தோட்டத்தில் எனக்கு அதற்காகவே ஒரு நல்ல பெயர் உண்டு.

ஸ்வாஹிலியில் மருந்துக்கு 'தாவா' என்று பெயர். ஓசூரில் உருது பேசுகிற பாய் வீடுகளில் 'தவா' என்பார்கள். அதனால் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் அதுதான். நம்மைப் போலவே இவர்களும் செடிக்கு அடிப்பதையும் மனுசனுக்குக் கொடுப்பதையும் ஒரே சொல்லால் சொல்கிறார்கள். தண்ணீருக்கு 'மாஜி'. 'போலே' என்று ஒரு சொல் உண்டு. யாராவது கால் தடுக்கினாலும், வீட்டில் சாவு என்றாலும், போலே என்பார்கள். ஐயோ பாவம் என்பது மாதிரி. நான் ஆரம்பத்தில் அதை மன்னிப்புக் கேட்கிற சொல் என்று நினைத்து, ஒரு மேஸ்திரியின் காலில் பைப்பைப் போட்டுவிட்டு போலே, போலே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நீ போட்டுவிட்டு நீயே பாவம் பார்க்கிறாயா என்று கேட்டதாகப் பிறகு ஒருவர் விளக்கினார்.

பஸ் நிற்கிற இடத்தில் சுட்ட சோளம் விற்கிற ஒரு அம்மா உண்டு. மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து மாமா ரூத் என்று கூப்பிடுவார்கள். இங்கே மாமா என்றால் அம்மா. ஒரு பொம்பளையை மாமா என்று கூப்பிட எனக்கு ஆறு மாதம் வாய் வரவில்லை. மாமா ரூத்தின் பல் பழுப்பாக இருக்கும். இந்தப் பக்கத்தில் பலருக்கும் அப்படித்தான், நிலத்தடித் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு. முதன்முதலில் பவித்ராவைப் பார்த்தபோது, அந்த அம்மா தன் பல்லையும் அவள் பல்லையும் மாற்றி மாற்றிக் காட்டி, "மாஜி?" என்று கேட்டார். பத்து வயதுப் பவித்ரா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவளும் ஆமாம் என்றாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு சோளம் இனாம்.

எங்கள் ஊர் சிங்காரப்பேட்டைக்குப் பக்கம். அங்கேயும் போர் தண்ணீர் அப்படித்தான் இருந்தது. என் வயதுக்காரர்கள் பலருக்கும் பல்லில் பழுப்புக் கறை உண்டு. என் மச்சான் முனிராஜ் வீடியோ காலில் பவித்ராவிடம் தன் பல்லைக் காட்டி, "நம்ம ஊருக்காரனுக்கு ஆதார் கார்டே தேவையில்ல கண்ணு, வாயத் தொறந்தா போதும்" என்பான். அவள் சிரிப்பாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

அந்தக் கை எப்போது வாய்க்குப் போக ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். ஏழு வயதில், முன் பல் விழுந்து முளைத்தபோது. பத்து வயதிலிருந்து இந்த நாட்டில் வளர்ந்தவள், இன்றைக்கு மூன்று பாஷையில் பேசுகிறாள், இங்கிலீஷில் கனவுகூடக் காண்பாள் போலிருக்கிறது, எங்களிடம் தமிழில் பேசுவது வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் எந்தப் பாஷையில் சிரித்தாலும் கை வாய்க்குப் போகும். இங்கே தங்குகிற பர்மிட்டைப் புதுப்பிக்க வருடம் தவறாமல் ஆபீஸ் ஆபீஸாக வரிசையில் நிற்போம். போட்டோ எடுக்கிறவர் வாயை மூடு என்பார். அங்கே மட்டும் அவள் நிம்மதியாக நிற்பாள்.

4

அவள் குழந்தையாக இருந்தபோது, மனைவி மாதம்மாளும் அவளும் ஊரில் இருந்தார்கள். நான் ஓசூரில் ரூமில் தங்கி, சனிக்கிழமை சாயந்தரம் பஸ் பிடித்துப் போய், திங்கள் விடியலில் திரும்புவேன். பவித்ராவுக்கு அடிக்கடி தொண்டை கட்டி, காய்ச்சல் வரும். இரண்டு வயது தாண்டி இருக்கும். ஒரு சனிக்கிழமை போனபோது உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி என்றால் ஊத்தங்கரைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

என் பையில் அட்டை இருந்தது. என் முகத்தில் அத்தனை சீழைக் காயவைத்த மருந்து, இந்தத் தொண்டையை ஆற்றாதா என்று நினைத்தேன். கேப்சூலைப் பிரித்து, தூளில் பாதியைத் தேனில் குழைத்தேன்.

மாதம்மாள் கேட்டாள். "இது கொழந்தைக்குத் தரலாங்களா?"

"பெரிய டாக்டர் குடுத்தது" என்றேன்.

அவள் மடியில் பிடித்துக்கொண்டாள். நான் விரலால் ஊட்டினேன். குழந்தை கசப்பில் துப்பியது. துப்பியதை வழித்து மறுபடி ஊட்டினேன். மிச்சத்தை அடுத்த நாளுக்கு வைத்தேன். போகும்போது இரண்டு கேப்சூலை மாதம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். காய்ச்சல் விட்டது. தானாகவே விட்டிருக்கும் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் ஒரு டாக்டரைப் போல உணர்ந்தேன். அதன் பிறகு தொண்டை என்றால் அதுதான், இருமல் என்றால் அதுதான். அவளுக்கு நாலு வயது ஆகும் வரை. எத்தனை தடவை என்று எனக்கே கணக்குத் தெரியாது.

ரோஜாவுக்கு மில்லி பார்த்து அடிக்கிறவன், பிள்ளைக்கு விரலால் வழித்துக் கொடுத்தேன்.

பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தபோது சாம்பலும் பழுப்புமாகக் கோடு கோடாக வந்தது. ஊரில் எல்லோரும் தண்ணீர்தான் என்றார்கள். எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. இது சத்தியம். அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை.

5

பொய் சொன்னது இரண்டு வருடத்துக்கு முன்னால்.

பவித்ரா கல்லூரிக்குப் போகும் முன், பல்லை வெளுக்க முடியுமா என்று கேட்க பக்கத்து டவுனான நகுருவில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். கவுண்டரில் நாலு பக்கத்துக்குப் படிவம் கொடுத்தார்கள். பவித்ராதான் நிரப்பினாள். இங்கே எங்கள் வீட்டுப் படிவங்கள் எல்லாம் அவள் கையெழுத்துதான். நான் சொல்வேன், அவள் எழுதுவாள்.

டாக்டர் வயதான அம்மா. பவித்ரா, எங்கள் ஊர்த் தண்ணீர் என்று ஆரம்பித்தாள். டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, பவித்ரா எனக்குத் தமிழில் சொன்னாள். தண்ணீர்க் கறையைத் தினமும் பார்க்கிறேன், அது மேலே திட்டுத் திட்டாக இருக்கும், இது அப்படி இல்லை என்றார். எல்லாப் பல்லிலும் ஒரே உயரத்தில் குறுக்குக் கோடு, நிறம் பல்லுக்கு உள்ளே இருக்கிறது. பிறகு ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். இங்கிலீஷ் பேச்சுக்கு நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் எனக்கு நேராகவே விளங்கியது. ஓசூர் மெடிக்கலில் இரண்டு வருடம் நான் சொல்லி வாங்கிய பெயர்.

பவித்ரா என் பக்கம் திரும்பினாள். பல் உள்ளே உருவாகிற வயதில் அந்த மருந்தைக் கொடுத்தால், பல்லில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தோடு அது ஒட்டிக்கொள்ளுமாம், அப்புறம் போகாதாம் என்று தமிழில் சொன்னாள். "சின்ன வயசுல எனக்கு அந்த மாதிரி ஏதாவது குடுத்தீங்களாப்பா?"

கன்னடக்கார டாக்டர் அம்மா சொன்னது காதில் கேட்டது. சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு ஒருவர் முன்பே சொல்லியிருக்கிறார்.

"இல்லம்மா" என்றேன். "ஊர் தண்ணிதான்."

அவள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் மறுபடி ஏதோ கேட்டார். பவித்ராவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. இரண்டு பேரும் வேகமாகப் பேசினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெரிய பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுக்கிற மருந்து இந்தக் கறைக்குச் சரியாகப் பிடிக்காது, பல்லுக்கு மேலே மெல்லிய வில்லை ஒட்டி மூடத்தான் வேண்டும், அதையும் நிதானமாக யோசித்துச் செய்யலாம் என்று டாக்டர் கடைசியில் சொன்னதை மட்டும் பவித்ரா தமிழில் சொன்னாள்.

வரும் வழியில் பவித்ரா பேசவில்லை. பல் சரியாகாத வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

6

மாத்திரை அட்டையைப் பார்த்த எட்டாம் நாள் மாதம்மாளிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தாள்.

"நான் புடிச்சிகினேன், நீங்க ஊட்டுனீங்க" என்றாள். "ரெண்டு பேருமா போய்ச் சொல்லலாம்."

டாக்டரிடம் இல்லை என்று சொன்னது நான் மட்டும்தான், அதனால் நான்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பவித்ரா சாப்பிட்டுவிட்டு, தம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து மாத்திரை போட்டாள். எதிரில் உட்கார்ந்தேன். மாத்திரை எப்படி இருந்தது என்று கேட்டாயே என்று ஆரம்பித்து, மாஸ்க், கட்டி, டாக்டர் அம்மா, சட்டைப் பை, சனிக்கிழமை, தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. முடித்ததும் அவள் ஒன்று கேட்டாள்.

"பல் டாக்டர் கேட்டப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் இல்லன்னியா?"

"ஆமாம்மா."

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த டாக்டர் நம்பலப்பா. உங்கப்பா மறைக்கிறார்ன்னு சொன்னாங்க. நான் சண்ட போட்டேன். எங்கப்பா அளந்து பாக்காம ஒரு சொட்டு மருந்து ஊத்த மாட்டார், பொய் சொல்ல மாட்டார்ன்னு சொன்னேன். நீ பக்கத்துலதான் உக்காந்திருந்த."

மன்னிச்சிடும்மா என்றேன், அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது.

"தண்ணின்னு நெனச்சிகிட்டு யார் மேலயும் கோவப்படாம இருந்தேன்" என்றாள். "தண்ணி மேல எப்படிக் கோவப்படறது."

எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதம் இருந்தது. பொடி எழுத்து, இங்கிலீஷ். உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். போட்டதும் படுக்கக் கூடாது. வெயிலில் கவனம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்க வேண்டும். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு டாக்டர் சொல்லாமல் தரக்கூடாது, பல்லில் நிரந்தரக் கறை உண்டாகும். அந்த வரியை அவள் மெதுவாகவும் படிக்கவில்லை, வேகமாகவும் படிக்கவில்லை. கடைசி வரி வரை படித்து, காகிதத்தை மடித்து டப்பாவில் வைத்துவிட்டு, படுக்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் கிளம்பும் வரை என்னிடம் பேசியது, சாப்பிட்டியா, கதவைச் சாத்து, அவ்வளவுதான்.

7

கிளம்புகிற அன்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நானும் போனேன். மாமா ரூத் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெளியூர்க்காரி போல ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தார். மாமா ரூத் பவித்ராவைப் பார்த்ததும், எப்போதும் செய்வது போலத் தன் பல்லைத் தட்டிக் காட்டி, இந்தப் பெண்ணின் ஊரிலும் நம்மைப் போலத்தான் மாஜி என்று அந்தப் பொம்பளையிடம் பெருமையாகச் சொன்னார்.

பவித்ரா, "ஹபானா, மாமா" என்றாள். இல்லை. "தாவா."

கை வாய்க்குப் போகவில்லை.

மாமா ரூத் புரியாமல் பார்த்தார். என்ன மருந்து, யார் கொடுத்தார்கள் என்று கேட்டார். இந்த அளவு ஸ்வாஹிலி எனக்குத் தெரியும். பவித்ரா என்னைப் பார்த்தாள். நகுருவில் பார்த்தது போலவே என் பக்கம் திரும்பினாள். ஆனால் இந்தத் தடவை எதையும் தமிழில் மாற்றிச் சொல்லவில்லை.

வெளியூர்க்காரி, மாமா ரூத், சோளம் வாங்க நின்ற இரண்டு பேர், எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு வயதில் எந்தப் பார்வைக்குப் பயந்து பம்ப் ரூமுக்குள் இருந்தேனோ, அதே பார்வை.

"மிமி" என்றேன். நான்.

மாமா ரூத் பவித்ராவின் கையைப் பிடித்து, போலே என்றார். எனக்குச் சொல்லவில்லை. ஒரு சோளத்தைத் தாளில் சுற்றி அவள் பையில் வைத்தார்.

பஸ் வந்தது. பவித்ரா ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "போய்ச் சேந்துட்டு போன் பண்றேன்" என்றாள்.

அன்று முழுக்கப் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சாயந்தரம் போன் வந்தது, அவள் அம்மாவின் போனுக்கு.